லீவு நாளில் வந்த வேலை... பாரிஸ் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்த நாடக போஸ்டர்!

1894, டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பாரிஸ் நகரமே லீவு மூடில் இருக்கிறது. பேர் வாங்கின ஓவியர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. லெமெர்சியே என்கிற பெரிய அச்சகத்தில் மட்டும் ஒருத்தர் உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அது அவர் வேலைகூட இல்லை. லீவில் போன நண்பருக்காகச் செய்துகொடுக்கும் உதவி.

அவர் வயது 34. சொந்த ஊரை விட்டு வந்து வருஷக்கணக்கில் ஆச்சு. கையில் பெரிதாகக் காசு இல்லை. தன் பெயரைச் சொன்னால் `யாரு?' என்று கேட்கும் நிலைமைதான்.

அப்போது அச்சக மேலாளர் மொரிஸ் தெ ப்ரூனோஃப் பதற்றமாக வருகிறார். நாடக உலகின் சூப்பர்ஸ்டார் சாரா பெர்ன்ஹார்ட்டிடமிருந்து ஓர் அவசர ஆர்டர். அவர் நடிக்கும் `ஜிஸ்மோண்டா' நாடகத்துக்குப் புது போஸ்டர் வேண்டும். ஜனவரி 1-ம் தேதி அது தெருவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. வரைய ஆளும் இல்லை. எதிரே இருப்பது இவர் ஒருத்தர்தான்.

அந்த `ஒருத்தர்', அல்போன்ஸ் முகா. இன்றைக்கும் உங்கள் போனில் வால்பேப்பராகவோ, யாரோ ஒருவர் கையில் டாட்டூவாகவோ, மாங்கா காமிக்ஸ் அட்டையிலோ நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஸ்டைல் அவருடையது. பூக்களுக்கு நடுவில் ஒரு பெண், சுருள் சுருளாக அலையும் கூந்தல், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி ஒரு வளையம்... ஆமாம், அதேதான்!

`வேற வேலை பாருப்பா!'

1860, ஜூலை 24-ல், மொராவியாவில் இவான்சிட்சே என்ற சின்ன ஊரில் பிறந்தார் முகா. இன்றைக்கு அது செக் குடியரசில் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அப்பாவுக்கு நீதிமன்றத்தில் சேவகர் வேலை. பெரிய குடும்பம், சின்ன வருமானம். பையனுக்கு நல்ல குரல் என்பதால், ப்ரனோ நகரில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, அதன் மூலம் படிப்பும் கிடைத்தது. தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள், தங்க வேலைப்பாடுகள், தூபப் புகை, ஊர்வலங்கள் எல்லாம் அந்த வயதிலேயே மனசுக்குள் இறங்கிவிட்டன. பின்னால் அவர் வரைந்த பெண்கள் எல்லாரும் பாதி தேவதை மாதிரி இருப்பதற்கு விதை இங்கே விழுந்ததுதான்.

1878-ல் ப்ராக் நகரத்து ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். ரிஜெக்டட்! அதுவும் சும்மா இல்லை. தனக்குப் பயன்படும் வேறு தொழிலைத் தேடிக்கொள்ளட்டும் என்ற அறிவுரையோடு.

மனுஷன் உட்கார்ந்து அழவில்லை. அடுத்த வருஷமே வியன்னாவுக்குக் கிளம்பினார். அங்கே நாடக மேடைகளுக்கு சீன் வரைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் உதவியாளர் வேலை கிடைத்தது. மாளிகை, காடு, கோட்டை என ராட்சத திரைச்சீலைகளில் வண்ணம் அடிப்பதுதான் வேலை. கல்லூரி சொல்லித்தராத பாடத்தை மேடை சொல்லித்தந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எப்படி வரைவது என்பதுதான் அந்தப் பாடம். ஒரு போஸ்டருக்கும் அதே பாடம்தானே!

அந்த வேலைக்கும் ஆயுசு கம்மி. 1881 டிசம்பரில் வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து எரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். முகா வேலை பார்த்த கம்பெனிக்கு அந்த தியேட்டர்தான் முக்கியமான வாடிக்கையாளர். வருமானம் போனதும் ஆட்குறைப்பு. முகாவுக்கும் வேலை போச்சு.

கையில் மிச்சமிருந்த காசுக்கு எவ்வளவு தூரம் டிக்கெட் கிடைக்குமோ அவ்வளவு தூரம் ரயில் ஏறினார். இறங்கிய இடம், மிகுலோவ் என்கிற சிறு நகரம். யாரையும் தெரியாது. ஊர்க்காரர்களின் முகங்களை வரைந்தார். கல்லறைக் கற்களுக்கு எழுத்து எழுதிக்கொடுத்தார். அதில் வந்த காசில்தான் சாப்பாடு.

ஒரு கோமான்... ஒரு மணியார்டர்... ஒரு முற்றுப்புள்ளி!

அந்தப் பக்கத்து நிலக்கிழாரான குயென் கோமான் கண்ணில் இவர் வேலை பட்டது. தன் மாளிகைச் சுவர்களில் ஓவியம் வரையக் கூப்பிட்டார். வரைந்ததைப் பார்த்து அசந்துபோய், மேல்படிப்புக்குத் தானே செலவு செய்வதாகச் சொல்லிவிட்டார். 1885-ல் ம்யூனிக், 1887-ல் பாரிஸ். ப்ராக் கல்லூரி கதவைச் சாத்தின பையனுக்கு, உலகக் கலைத் தலைநகரம் கதவைத் திறந்தது.

ஆனால் 1889-ல் கோமானின் பணம் நின்றுபோனது. 29 வயதில், தெரியாத ஊரில், நடுத்தெருவில் நின்ற மாதிரி ஆகிவிட்டது முகாவுக்கு. அவித்த பருப்பையும் பயற்றையும் தின்றே நாளை ஓட்டினார். அவர் தங்கியிருந்த தெருவில் சார்லோட் என்ற அம்மா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கையில் காசில்லாத ஓவியர்களுக்கு அவர்தான் சோறு போட்ட தெய்வம். பணத்துக்குப் பதில் படம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். அந்தக் கடையில்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் பால் கோகானோடு முகாவுக்குப் பழக்கம். கோகான் தஹிதி தீவிலிருந்து 1893-ல் திரும்பி வந்தபோது, கொஞ்ச காலம் முகாவின் ஸ்டூடியோவிலேயே தங்கினார். பேன்ட் போடாமல் கோகான் ஆர்மோனியம் வாசிக்கும் ஒரு போட்டோ இருக்கிறது. எடுத்தது முகா. கேமரா பைத்தியம் அவருக்கு அப்போதே உண்டு.

வயிற்றுப்பாட்டுக்குப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் போட்டார். ஜெர்மனியின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பெரிய புத்தகத்துக்கும் வரைந்தார். மன்னர்கள் என்ன உடுத்தினார்கள், கவசம் எப்படி இருக்கும், ஒரு முடிசூட்டு விழாவில் யார் எங்கே நிற்பார்கள் என்று தேடித் தேடிப் படிக்க வேண்டிய வேலை. பெயர் கிடைக்கவில்லை. ஆனால் பழங்காலம் கைக்குப் பழகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். `அதிர்ஷ்டக் காற்று அடித்தது, அச்சகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர் ஸ்டார் ஆகிவிட்டார்' என்றுதான் முகா கதையைப் பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சாரா பெர்ன்ஹார்ட்டை 1890-லேயே `க்ளியோபாட்ரா' வேடத்தில் ஒரு நாடகப் பத்திரிகைக்காக வரைந்தவர் முகா. 1894 கிறிஸ்துமஸுக்கு `லெ கோல்வா' பத்திரிகையின் சிறப்பிதழுக்காக, அதே `ஜிஸ்மோண்டா' நாடகக் காட்சிகளையும் வரைந்திருந்தார். ஆக, அந்த டிசம்பர் 26-ல் கதவைத் தட்டியது அதிர்ஷ்டம்தான். ஆனால், வீட்டுக்குள் ஆள் ரெடியாக இருந்தார்!

யார் இந்த சாரா?

அன்றைய ஐரோப்பாவில் சாரா பெர்ன்ஹார்ட் என்றால் வெறும் நடிகை இல்லை. அவர் ஒரு பிராண்ட். கடல் தாண்டி அமெரிக்கா வரை சுற்றுப்பயணம் போய் ரசிகர்களைச் சேர்த்தவர். ரெனேசான்ஸ் தியேட்டரைத் தானே எடுத்து நடத்தினார். நடிப்பது, தயாரிப்பது, விளம்பரத்தை முடிவு செய்வது எல்லாமே அவர்தான். ஒரு காட்சிக்கு சீட் காலியாக இருந்தால் நஷ்டம் அவர் பையிலிருந்துதான் போகும்.

`ஜிஸ்மோண்டா', விக்டோரியன் சார்தூ எழுதிய வரலாற்று நாடகம். கதைக்களம் 15-ம் நூற்றாண்டு ஏதென்ஸ். கணவனை இழந்த சீமாட்டி ஜிஸ்மோண்டா. அவள் மகனைச் சதிகாரர்கள் புலிக் குழிக்குள் தள்ளிவிடுகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றுகிறவனை மணந்துகொள்வேன் என்று அலறுகிறாள் அந்தத் தாய். குழிக்குள் குதித்துக் காப்பாற்றுகிறவன், ஒரு சாதாரண ஏழை. கொடுத்த வாக்கா, அந்தஸ்தா? நாடகம் முழுக்க அந்தப் போராட்டம்தான்.

1894 அக்டோபர் 31-ல் அரங்கேறியாச்சு. புத்தாண்டிலும் நாடகம் தொடர வேண்டும். கூட்டம் வர வேண்டும். அதற்குத்தான் புது போஸ்டர். சாராவுக்கு அப்போது வயது 50. மேடையில் அவர் இளம் தாய். போஸ்டரைப் பார்க்கிறவர்கள் வயதை நினைக்கவே கூடாது. அந்த ராணிக் களையை மட்டும்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு சிக்கலான வேலை பாருங்க!

முகா தியேட்டருக்குப் போனார். நல்ல உடுப்பு இல்லாததால் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். மேடையில் சாராவைப் பார்த்துப் பார்த்துக் கிறுக்கினார். புலி, குழி, அலறல் என்று பரபரப்பான காட்சிகள் எத்தனையோ இருந்தும், அதையெல்லாம் விட்டுவிட்டார். நாடகத்தின் முடிவில், கையில் குருத்தோலை ஏந்தி அமைதியாக நிற்கிற ஜிஸ்மோண்டாவைத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்த போஸ்டரில் அப்படி என்ன இருந்தது?

அப்போது பாரிஸ் சுவர்களில் ராஜ்ஜியம் நடத்தியது ழூல் ஷெரே பாணி போஸ்டர்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், நீலம். துள்ளிக் குதிக்கிற சிரித்த பெண்கள். எல்லாமே சத்தம் போட்டுக் கூப்பிடுகிற ரகம்.

முகா செய்தது நேர் எதிர்.

முதல் விஷயம், அளவு. சுமார் 2 மீட்டர் 16 சென்டிமீட்டர் உயரம், அகலமோ 74 சென்டிமீட்டர்தான். ஒல்லியான, நெடிய போஸ்டர். நடந்து போகிறவர் எதிரே, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு சாராவே நிற்பது போல இருக்கும்.

இரண்டாவது, நிறம். மங்கலான தங்கம், வெளிறிய பச்சை, மென்மையான ஊதா. அடிக்கிற வண்ணங்களுக்கு நடுவில் இந்த அமைதிதான் கண்ணை இழுத்தது. எல்லாரும் கத்துகிற இடத்தில் ஒருத்தர் மட்டும் மெதுவாகப் பேசினால் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அதே கதை!

மூன்றாவது, தலைக்குப் பின்னால் வளைவு. பைசாந்தியத் தேவாலயங்களில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் இருக்குமே, அந்த மாதிரி மொசைக் கற்கள் பதித்த வளைவு. அதில் சாராவின் பெயர். நடிகையைக் கிட்டத்தட்டக் கோயில் சிலை ஆக்கிவிட்டார். தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த பையன் இங்கே எட்டிப்பார்க்கிறான்.

நான்காவது, எழுத்து. மேலே நாடகத்தின் பெயர். கீழே தியேட்டரின் பெயர். அவ்வளவுதான்! தேதி இல்லை, நேரம் இல்லை, எழுதியவர் பெயர்கூட இல்லை. சாரா நடிக்கிறார் என்று தெரிந்தால் மற்றதை ஜனங்களே விசாரித்துக்கொள்வார்கள் என்ற தைரியம்.

இதையெல்லாம் அச்சடிப்பது லேசுப்பட்ட காரியமும் இல்லை. அப்போது கல் அச்சு முறை. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் வரைவார்கள். கல்லை நனைத்து மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் மையை விலக்கிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரு கல் இம்மி பிசகினாலும் கண் ஓரிடம், இமை ஓரிடம். போஸ்டர் அவ்வளவு உயரம் என்பதால் இரண்டு தாள்களாக அடித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னணியில் பல இடங்கள் வெறுமையாகவே இருப்பதற்கும் அவசரம்தான் காரணமாக இருக்கும் என்பார்கள். ஆனால் அந்த வெறுமைதான் உருவத்தைத் தூக்கிக் காட்டியது.

அச்சக மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாரா கிழித்து எறிவார் என்று நினைத்தார். முகாவுக்கும் உள்ளுக்குள் உதறல். தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தபோது, திட்டு வாங்கத்தான் போகிறோம் என்றே கிளம்பினார். அங்கே சுவரில் போஸ்டர் மாட்டியிருந்தது. அதன் எதிரே கண் எடுக்காமல் நின்றிருந்தார் சாரா. முகாவைப் பார்த்ததும் கட்டி அணைத்துக்கொண்டார் என்பது முகா பின்னாளில் சொன்ன நினைவு.

பிளேடோடு வந்த ரசிகர்கள்!

1895, ஜனவரி 1. போஸ்டர் தெருவுக்கு வந்தது. ஜனங்கள் நின்று நின்று பார்த்தார்கள். கலைப்பொருள் சேகரிப்பவர்கள், ஒட்டுகிறவர்களுக்குக் கையில் காசு திணித்து போஸ்டரை வாங்கினார்கள். அதுவும் கிடைக்காதவர்கள், ராத்திரியில் வந்து சுவரிலிருந்து பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாடகத்துக்கு ஆள் பிடிக்க ஒட்டின காகிதம், திருடுபோகிற கலைப்பொருள் ஆகிவிட்டது.

சாரா விடுவாரா? 1895, 1896-ல் மட்டும் 4,000 பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். முகாவோடு 6 வருஷ ஒப்பந்தம். போஸ்டர் மட்டுமல்ல, மேடை அமைப்பு, உடை, நகை எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. வியன்னாவில் திரைச்சீலைக்கு வண்ணம் அடித்த பையன், பாரிஸின் முதல் வரிசை மேடைக்கே வடிவம் கொடுக்கிறவர் ஆனார்.

அடுத்தடுத்து வந்த போஸ்டர்களிலும் அதே நெடிய அளவு, ஒற்றை உருவம், தலைக்குப் பின்னால் வளைவு. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் ஒரு சின்னச் சாவி. 1896-ல் `லோரென்சாச்சியோ'. ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கொடுங்கோலனைக் கொல்லத் திட்டமிடும் இளைஞனின் கதை. அந்த ஆண் வேடத்தில் நடித்தவரும் சாராதான்! கறுப்பு உடையில், யோசனையில் மூழ்கி நிற்கிறான் நாயகன். மேலே ஒரு டிராகன், ஃப்ளோரன்ஸ் நகரத்தின் சின்னத்தைக் கவ்வ வருகிறது. அரசியல் முழுக்க அந்த ஒரு டிராகனில் முடிந்தது. 1898-ல் `மெடியா'வில் ரத்தம் படிந்த கத்தியும், விரிந்து உறைந்த கண்களும். அதில் சாராவின் கையில் வரைந்த பாம்பு வளையலை, ழோர்ஜ் ஃபூகே என்ற நகைக்கலைஞர் நிஜமாகவே செய்துவிட்டார். 1899-ல் `ஹாம்லெட்'. அதிலும் நாயகன் சாராதான். பின்னால் இறந்த அப்பாவின் ஆவி.

பிறகென்ன... பிஸ்கட், சைக்கிள், ஷாம்பெய்ன், சிகரெட் தாள் என எல்லா விளம்பரத்துக்கும் முகாதான் வேண்டும் என்றார்கள். ஷாம்ப்னுவா என்ற அச்சக அதிபர் அவரை ஒப்பந்தத்தில் போட்டு, நான்கு பருவங்களையும் நான்கு பெண்களாக வரைந்த படங்களை வீட்டுச் சுவர்களுக்காக அச்சடித்து விற்றார். பெரிய ஓவியத்தை வாங்க முடியாத வீட்டிலும் அழகான ஒரு படம் தொங்க ஆரம்பித்தது. `ஆர் நூவோ' என்று உலகம் சொல்லும் பாணியை, பாரிஸ்காரர்கள் `முகா ஸ்டைல்' என்றே சொன்னார்கள்.

புகழ் இருந்தும் ஏன் நிம்மதி இல்லை?

இங்கேதான் கதை திரும்புகிறது. முகாவுக்கு `போஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' என்ற பட்டம் உறுத்த ஆரம்பித்தது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் போஸ்னியா - ஹெர்ஸெகோவினா அரங்கை அலங்கரிக்கும் வேலை வந்தது. அதற்காக அந்தப் பகுதிகளில் சுற்றினார். அடுத்தவர் ஆட்சியில் அல்லல்பட்ட ஸ்லாவிய மக்களின் வாழ்க்கையைப் பார்த்தார். இவரும் அந்த இனம்தானே! தன் மொழியும் ஊரும் பேரரசின் காலடியில் கிடக்கும்போது, தான் சிகரெட் தாளுக்குப் பெண் படம் போட்டுக்கொண்டிருப்பதா என்ற குற்ற உணர்வு.

முடிவு செய்தார். ஸ்லாவிய மக்களின் வரலாற்றை 20 ராட்சத ஓவியங்களாக வரைவது. பணம்? 1904 முதல் அடிக்கடி அமெரிக்கா போனார்; உருவப்படங்கள் வரைந்தார், வகுப்பு எடுத்தார். 1906-ல் மாருஷ்கா என்ற செக் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். கடைசியில் சிகாகோ கோடீஸ்வரர் சார்லஸ் கிரேன் உதவ முன்வந்தார். 1910-ல் தாய்மண்ணுக்குத் திரும்பி, இடம் போதாமல் ஸ்பிரோ என்ற ஊரின் கோட்டையில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து வரைய ஆரம்பித்தார். சில ஓவியங்கள் 6 மீட்டருக்கு 8 மீட்டர். அதாவது, ஒரு படமே ஒரு வீட்டின் முகப்பு அளவு!

நடுவில் 1918-ல் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றது. புது நாட்டின் முதல் தபால்தலையையும், ரூபாய் நோட்டு மாதிரியான பணத்தாள்களையும் வடிவமைத்தவர் முகா. `வேற வேலை பாரு' என்று அனுப்பிவிட்ட ப்ராக் நகரத்தில், ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் அவர் ஓவியம்!

1928-ல், விடுதலையின் பத்தாம் ஆண்டில், `ஸ்லாவியக் காவியம்' முழுவதையும் ப்ராக் நகரத்துக்கே கொடுத்தார். கிட்டத்தட்ட 18 வருஷ உழைப்பு. ஆனால் காலம் மாறியிருந்தது. நவீன ஓவியர்களுக்கு அது பழைய பஞ்சாங்கமாகத் தெரிந்தது. மாட்டி வைக்க ஒரு நிரந்தர இடம்கூட அவர் வாழ்நாளில் கிடைக்கவில்லை. நாலைந்து நாளில் வரைந்ததை ஜனங்கள் திருடிக்கொண்டு போனார்கள். பதினெட்டு வருஷம் வரைந்ததை வைக்க இடமில்லை.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை ப்ராகுக்குள் நுழைந்தது. தேசம், ஸ்லாவிய ஒற்றுமை என்று பேசினவர் சும்மா விடப்படுவாரா? ரகசிய போலீஸான கெஸ்டபோ, 78 வயது முகாவைப் பிடித்துப்போய் விசாரித்தது. வீட்டுக்கு அனுப்பினாலும் உடம்பு தேறவில்லை. ஜூலை 14 அன்று இறந்துபோனார். இன்னும் பத்து நாள் இருந்திருந்தால் 79-வது பிறந்தநாள். கூட்டம் கூடத் தடை இருந்தும், விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்துக்கு ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

சுவரைவிட்டு இறங்காத படம்

போர்க்காலம் முழுக்க மறைத்து வைக்கப்பட்ட `ஸ்லாவியக் காவியம்', 1963-ல்தான் அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில், மொராவ்ஸ்கி க்ரும்லோவ் என்ற ஊரின் பழைய மாளிகையில் மக்கள் பார்வைக்கு வந்தது. அதே 1963-ல் லண்டனில் முகாவின் போஸ்டர்களுக்கு ஒரு கண்காட்சி. இளவட்டம் மறுபடி அவரைக் கண்டுபிடித்தது. 1966-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராக் இசை நிகழ்ச்சி போஸ்டர் செய்த இருவர், முகா சிகரெட் தாள் விளம்பரத்துக்கு வரைந்த அதே பெண்ணை எடுத்துப் புது வண்ணத்தில் போட்டார்கள். செம ஹிட்! எந்தப் படத்தை நினைத்து அவர் கூச்சப்பட்டாரோ, அந்தப் படம்தான் அவரை அடுத்த தலைமுறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது.

ஜிஸ்மோண்டா நாடகத்தை இன்றைக்கு மேடையில் பார்ப்பது அபூர்வம். சாராவின் குரலை நேரில் கேட்டவர் யாரும் உயிரோடு இல்லை. ரெண்டும் போன பிறகும், இரவல் கோட்டு போட்டுக்கொண்டு போய், லீவு நாளில், அடுத்தவருக்கு வர வேண்டிய வேலையை வாங்கி ஒருத்தர் வரைந்த அந்தப் பெண் மட்டும், கையில் குருத்தோலையோடு அப்படியே நின்றுகொண்டிருக்கிறாள். நிதானமாக ஒருமுறை ஜூம் செய்து பாருங்க. அவசர வேலை என்று யாராவது சொன்னால் நம்பவே மாட்டீங்க!